திருப்பி அனுப்பிய மூன்று லோடு

ஆவணிக் கடைசி முகூர்த்தம். பரமத்தி வேலூரில் என் மைத்துனர் செல்வராசுவின் புது வீட்டில் பால் காய்ச்சினார்கள்.

காலைப் பதினொரு மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. செல்வராசு ஊர்ப்புற ரோடு வேலைகளை சப்-கான்ட்ராக்ட் எடுத்துச் செய்பவர். கேட்டிலிருந்து வாசல்படி வரை புத்தம்புதிதாகத் தார் போட்டிருந்தார். வீடு பார்க்க வந்தவர்கள் முதலில் கவனித்தது அதைத்தான். ஏனென்றால் செருப்பு ஒட்டிக்கொண்டது. வயதான உறவினர் ஒருவர் ஒற்றைக் காலில் நின்று தன் செருப்பைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"போட்டு எத்தனை நாளாச்சு மாப்ளே?" என்று கேட்டேன்.

"நாலு நாளாச்சுங்க மச்சான். நம்மூர் வெயிலுக்கு ஆறவே மாட்டேங்குது" என்றார். ஏதோ விருது வாங்கியவர் போன்ற முகம்.

அந்தத் தாரின் மேல் நின்றுகொண்டிருந்தபோதுதான் என் மகளிடமிருந்து போன் வந்தது. அந்த நாலு நிமிடப் பேச்சிலிருந்து நான் இன்னும் முழுதாக வெளியே வரவில்லை. அதனால்தான் இந்த வாரம் வேறு எதையும் எழுத முடியவில்லை.

தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் தொழில் தெரியும். விபத்தில் சிக்கிய லாரிகளைப் பார்த்து, என்ன சேதம், எதனால் சேதம் என்று எழுதிக் கையெழுத்துப் போடும் இன்சூரன்ஸ் சர்வேயர். நாமக்கல்லில் இருந்துகொண்டு இந்த வேலைக்குப் பஞ்சம் என்று சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். இருபத்து நாலு வருடமாக நொறுங்கிய கேபின்களைப் பார்த்தவனுக்கு மனசு எப்படி இருக்கும்? யார் வீட்டை விட்டுக் கிளம்பினாலும் எனக்கு முதலில் கண்ணுக்குத் தெரிவது பள்ளம். பக்கத்துத் தெருவுக்கு மாவு வாங்கப் போனாலும் "பாத்துப் போ" என்று மூன்று தடவை சொல்கிறவன்.

அப்படிப்பட்டவனுக்கு ஒரே மகள். தாரணி. சிவில் இன்ஜினியர். அவளுக்கு வேலை கிடைத்த இடம் லடாக். மரம்கூட முளைக்க யோசிக்கும் உயரத்தில் தார் ரோடு போடும் ஒரு தனியார் கம்பெனியில் சைட் இன்ஜினியர். இது இரண்டாவது சீசன். என் தூக்கத்துக்கும் இரண்டாவது சீசன்.

"விசேசம் நல்லா நடக்குதுங்களாப்பா?" என்றுதான் ஆரம்பித்தாள். பின்னால் காற்று. போனுக்குள்ளிருந்து கையை நீட்டி என் காதைப் பிடித்து இழுப்பது போன்ற காற்று.

விஷயம் இதுதான். மலைமேல் ஒரு கிராமம். அங்கே இரண்டு கட்டில் போட்ட ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அதுவரை போகும் ரோட்டில் கடைசி முக்கால் கிலோமீட்டர் பாக்கி. இன்னும் பத்துப் பன்னிரண்டு நாளில் பனி இறுக ஆரம்பித்துவிடும். அப்புறம் அடுத்த மே மாதம்தான் தாரைத் தொட முடியும். கீழே பள்ளத்தாக்கில் இருக்கும் பிளாண்டில் ஜல்லியையும் தாரையும் கொதிக்கக் கொதிக்கக் கலந்து டிப்பரில் ஏற்றி அனுப்புவார்கள். மேலே வந்து சேர ஒரு மணி நேரம். அன்று வழியில் மண் சரிந்து கிடந்ததால் மூன்று டிப்பர்களும் கூடுதலாக ஒரு மணி நேரம் நின்றுவிட்டன. காற்று சும்மா இருக்குமா? வந்து சேர்ந்த கலவையில் தாரணி தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்திருக்கிறாள். நூற்றிருபது டிகிரிக்குக் கீழே இருந்தால் கொட்டக் கூடாது என்பது அந்த வேலைக்கு வைத்த விதி. முள் நின்றது தொண்ணூற்றெட்டில். மற்ற இரண்டு வண்டியிலும் அதே கதை.

ஒவ்வொரு லோடுக்கும் ஒரு சீட்டு உண்டு. இறக்கும்போது என்ன சூடு இருந்தது என்று எழுதி, சைட் இன்ஜினியர் கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்திலேயே மேனேஜர். நூற்றிருபத்தைந்து என்று எழுதிக் கையெழுத்துப் போடு, ரோலரை ஓட்டி முடித்துவிடலாம் என்கிறார். போடாவிட்டால் மூன்று லோடும் குப்பைக்குத்தான். அதன் பிறகு உனக்கு இங்கே என்ன வேலை என்பதையும் யோசித்துக்கொள் என்கிறார்.

பத்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் வளைவு வரைக்கும் இறங்கி வந்து, எனக்குப் போன் செய்கிறாள்.

எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். பிறகு கேட்டாள்:

"அப்பா... நான் இந்த வேலைய உட்டுட்டு வந்தா உங்களுக்கு ஒன்னும் கஷ்டமில்லீங்களே?"

நல்ல அப்பா என்ன சொல்லியிருப்பார்? எனக்குத் தெரியாது. நான் சொன்னதை மட்டும் மறைக்காமல் எழுதுகிறேன்.

"வேலைய எதுக்குச் சாமி உடற? ஒரு கையெழுத்துத்தானே. போட்டுட்டுப் போயிட்டே இரு. மேல இருக்கறவங்க பாத்துக்குவாங்க."

கையெழுத்துப் போட்டே இருபத்து நாலு வருடம் சோறு தின்றவன் சொன்ன வார்த்தை இது!

பக்கத்தில் நின்று பாதி கேட்டிருந்த செல்வராசு போனை வாங்கிக்கொண்டார். ஆறிப்போன கலவைக்கு அவரிடம் ஒரு கைமருந்து இருந்தது. மேலாக்கக் கொஞ்சம் டீசலைத் தெளித்துவிட்டால் இளகிக் கொடுக்கும், ரோலர் வழுக்கிக்கொண்டு போகும் என்றார். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"இப்பத்திக்கு இளகுன மாதிரிதாங்க மாமா இருக்கும். ஒரு குளிர் போச்சுன்னா கையோட அள்ளிக்கிட்டு வந்துரும்."

"வந்துட்டா அடுத்த கான்ட்ராக்ட் கண்ணு" என்று சிரித்தார் செல்வராசு. சுற்றி நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "சரிங்கப்பா, வெச்சர்றேன்" என்றாள். அவ்வளவுதான்.

உள்ளே போய் என் மனைவி சாந்தியிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "சாப்புட்டாளாமா?" நான் அதைக் கேட்டிருக்கவில்லை.

திரும்பக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. பந்தி முடிவதற்குள் ஒன்பது தடவை கூப்பிட்டிருப்பேன். ஒன்பது தடவையும் அதே அம்மணி அதே பொறுமையோடு அதையே சொன்னார்.

எதிர் இலையில் உட்கார்ந்த செல்வராசுவுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. ரசத்துக்கு வந்தபோது கையை நிறுத்திவிட்டு, "மூணு லோடுங்களா மச்சான்? அங்கத்து ரேட்டுக்கா?" என்றார். அதற்கப்புறம் அவருக்குப் பாயசம் இறங்கவில்லை. ரோடு போடுகிறவர் அல்லவா... விலை தெரிந்தவர்.

அந்த விலை பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் என் மகள் செய்தது உங்களுக்குப் புரியாது.

போன குளிர்காலத்தில் தாரணி லீவில் வந்திருந்தபோது செல்வராசு அவளிடம் கேட்டார் — அங்கே ஒரு கிலோமீட்டருக்கு என்ன ஆகிறது? அவள் சொன்னாள். அவர் இரண்டாவது முறை கேட்டார். அவள் அதே தொகையைச் சொன்னாள். "ஏங்கண்ணு, தார்ல போடறாங்களா, தங்கத்துல போடறாங்களா?" என்றார். எத்தனை பேர் கமிஷன் தின்கிறார்கள் என்று அவர் மனசுக்குள் ஓடியது முகத்திலேயே தெரிந்தது.

தாரணி நிதானமாகச் சொன்னாள். தார் டேங்கரில் கணவாய் ஏறி வர வேண்டும். வந்து சேரும்போது டேங்கருக்குள்ளேயே இறுகியிருக்கும். இறக்குவதற்கே பர்னர் போட்டுச் சூடு பண்ண வேண்டும். இங்கே ஜல்லி தானாகக் காய்ந்து கிடக்கிறது. அங்கே ஜல்லிக்குள் பனி. அதை உலர்த்த டீசல். கலவையைச் சூடாக வைக்க டீசல். காலையில் ரோலர் கிளம்புவதற்கு முன்னால் அதைக் கெஞ்சிக் கொஞ்சி எழுப்ப டீசல். ரோட்டுக்கு அடியில் தண்ணீர் தேங்கினால் அது உறைந்து, வீங்கி, ரோட்டையே தூக்கிவிடும். அதனால் அடிப்படுகையை ஆழமாகத் தோண்டிப் போட வேண்டும். இத்தனைக்கும் வேலை நடப்பது வருடத்தில் நாலைந்து மாதம்தான். மீதி மாதமெல்லாம் மிஷின்கள் பனிக்குள் தூங்கும். வாடகை தூங்காது. வேலையாட்கள் சமவெளியிலிருந்து வருகிறவர்கள். அவர்களுக்கு மூச்சுப் பழகவே ஒரு வாரம் வேண்டும், அந்த வாரத்துக்கும் கூலி உண்டு.

"மொத்தத்துல சூட்டுக்குத்தாங்க மாமா காசு" என்று முடித்தாள்.

யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். சேலம், நாமக்கல் பக்கம் நாம் சித்திரை வெயிலைத் திட்டாத திட்டு உண்டா? அந்த வெயிலை அங்கே டேங்கர் டேங்கராக விலை கொடுத்து வாங்குகிறார்கள். நம் ஊரில் ரோடு போட்டால் ஆறுவதற்காகக் காத்திருக்கிறோம். அங்கே ஆறிவிடுமோ என்று ஓடுகிறார்கள். ஒரே தார், ஒரே ஜல்லி... ஊர் மாறினால் பயம் தலைகீழாகிவிடுகிறது.

ஆக, மூன்று லோடு என்றால் சும்மா மூன்று லோடு இல்லை. மலையேறி வந்த நெருப்பு. அதைக் குப்பை என்று சொல்ல ஒரு இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு என்ன தைரியம் இருக்க முடியும்? கையெழுத்துப் போட்டிருப்பாள் என்றுதான் நான் நினைத்தேன். போட்டிருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன் என்பதுதான் இன்னும் உண்மை.

மதியம் மூன்று மணிக்கு நாமக்கல் திரும்பினோம். போன் இன்னும் எல்லைக்கு வெளியே. மேனேஜர் கோபத்தில் ஜீப்பை வேகமாக ஓட்டினால்? அவள் நடந்தே இறங்கினால்? மண் சரிந்த இடம் இன்னொரு தடவை சரிந்தால்? என் தொழிலில் பார்த்த படங்களெல்லாம் வரிசை கட்டி வந்தன. சட்டையைக்கூட மாற்றாமல் வாசலில் நடந்தேன்.

வேறு ஊர் அப்பனாக இருந்தால் அங்கேயே நடந்துகொண்டுதான் இருந்திருப்பான். ஆனால் நாமக்கல்காரனுக்கு ஒரு வசதி உண்டு. இந்தியாவில் ரோடு போகும் இடமெல்லாம் நம் ஊர் வண்டி ஒன்று நின்றுகொண்டிருக்கும். டிரான்ஸ்போர்ட் வைத்திருக்கும் ஒரு நண்பரைக் கூப்பிட்டேன். லடாக்கில் என் மகள் வேலை பார்க்கும் கம்பெனிக்குத் தார் ஏற்றிக்கொண்டு போன வண்டி ஏதாவது உண்டா என்று கேட்டேன். ஏன், எதற்கு என்று அவர் கேட்கவில்லை. டிரைவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தெரியாத நம்பரிலிருந்து போன்.

"ஏனுங்க, ராசிபுரம் பெரியசாமிங்க. தார் டேங்கர் டிரைவருங்க. பிளாண்ட்ல லோடு இறக்க ரெண்டு நாளா நிக்கறனுங்க. அந்தத் தெர்மாமீட்டர் புள்ள உங்க புள்ளைங்களா?"

ஆமாங்க என்றேன்.

"நல்லா இருக்குதுங்க. மூணு லோடையும் திருப்பி அனுப்பிச்சுட்டு, அந்தா உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருக்குது. அதும் போனு உள்ள சார்ஜ்ல கெடக்குதுங்க."

என்னதாங்க நடந்துச்சு என்று கேட்டேன்.

பெரியசாமி பார்த்ததை அவர் சொன்னபடியே சொல்கிறேன். மதியத்துக்கு மேல் டிப்பர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிளாண்டுக்குத் திரும்பி வந்திருக்கின்றன. கடைசி டிப்பரின் கேபினில் தாரணி. பின்னாலேயே மேனேஜரின் ஜீப். அத்தனை ஆட்கள் முன்னாலும் மேனேஜர் இந்தியில் கத்தியிருக்கிறார். டீசலுக்கு யார் காசு கொடுப்பது, உன் சம்பளம் இதில் ஒரு லோடுக்குக் காணுமா என்று. அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது, தாரணி சீட்டையும் பேனாவையும் அவரிடமே நீட்டியிருக்கிறாள். நூற்றிருபத்தைந்து என்று நீங்களே எழுதுங்கள், நீங்களே கையெழுத்துப் போடுங்கள், நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்றிருக்கிறாள்.

"போட்டாருங்களா?" என்று கேட்டேன்.

"பேனாவை வாங்கிட்டாருங்க. சீட்டைப் பாத்தாரு. டிப்பரைப் பாத்தாரு. எங்க மூஞ்சியெல்லாம் ஒரு தரம் பாத்தாரு. அப்பறம் பேனாவைத் திருப்பிக் குடுத்துட்டுப் போயிட்டாருங்க." பிறகு சொன்னார்: "நான் இருவது வருசமாத் தார் ஏத்தறனுங்க. ஆறிப்போச்சுன்னு ஆரும் திருப்பி அனுப்பி நான் பாத்ததில்லைங்க."

அதற்குள் கலவை டிப்பருக்குள்ளேயே பாறையாகிவிட்டதாம். கடப்பாறை போட்டுப் பேர்த்து எடுத்தார்களாம். அதைப் பிளாண்டு வளாகத்தில் வண்டி திருப்பும் இடத்தில் பரப்பச் சொல்லிவிட்டாளாம் தாரணி. "நானும் ஒரு கை குடுத்தனுங்க. சும்மாதானே நிக்கறேன்" என்றார் பெரியசாமி.

உள்ளே போய் சாந்தியிடம் சொன்னேன். "டீயோட என்ன தின்னாளாமா?" என்றார். ஆனால் அன்று சாயந்திரம் விளக்கு வைக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூட அந்த முகம் இல்லை.

ஆறு மணிக்குத் தாரணியே கூப்பிட்டாள்.

"திருப்பி அனுப்பிச்சுட்டனுங்கப்பா."

"தெரியும் சாமி."

"எப்புடீங்க?"

"நாமக்கல்லுல இருந்துக்கிட்டு இதுகூடத் தெரியலைன்னா எப்புடி?"

அவள் சிரித்தாள். நான் சொன்ன அறிவுரையைப் பற்றி அவளும் பேசவில்லை. நானும் பேசவில்லை. கோழைத்தனத்துக்குக் குடும்பங்களில் வைத்திருக்கும் நாகரிகமான பெயர் மௌனம்.

அதற்கப்புறம் நடந்ததில் நம் ஊருக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. எழுதாமல் விட மனசில்லை. அங்கே டிப்பர்களின் மேல் படுதாவை எப்படிக் கட்டுகிறார்கள் என்பதைப் பெரியசாமி இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். "கொடியில வேட்டி காயப் போட்ட மாதிரி பறக்குதுங்க" என்று தாரணியிடம் சொல்லியிருக்கிறார். மழைக்காலத்தில் சர்க்கரை லோடு ஏற்றினால் நம் ஆட்கள் எப்படிக் கட்டுவார்கள்? ஒரு படுதா, அதன்மேல் சாக்கு, அதன்மேல் இன்னொரு படுதா. கயிற்றைக் குறுக்கும் நெடுக்கும் இழுத்து, மேலே ஏறி நின்று மிதித்து முடிச்சுப் போடுவார்கள். ஒரு சொட்டு இறங்காது. சொட்டு இறங்காத இடத்தில் காற்று மட்டும் இறங்கிவிடுமா? பெரியசாமி தன் வண்டிக் கயிற்றையே எடுத்துக்கொடுத்து, பாஷை தெரியாத அந்த டிரைவர்களுக்குக் கையாலேயே கட்டிக் காட்டினாராம்.

இரண்டு நாள் காற்று அடங்கவில்லை. தாரணி காத்திருந்தாள். மூன்றாம் நாள் வெயில் அடித்தது. சீக்கிரம் மலையேறட்டும் என்று வண்டிக்குப் பாதி லோடு மட்டும், இரட்டைப் படுதா கட்டி, மண் சரிந்த இடத்தில் முன்கூட்டியே ஆள் நிறுத்தி வழியை ஒழுங்குபண்ணி, காலை பத்திலிருந்து மதியம் இரண்டு வரை மட்டும் கொட்டினார்கள். முள் நூற்று முப்பதுக்கு மேல் நின்றது. அரை லோடு என்றால் இரட்டை டீசல். மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு அதற்கும் சம்மதித்தார். அவருக்கும் மேலே கையெழுத்துப் போடும் அதிகாரி ஒருவர் இருக்கிறாரே, அந்தப் பயம் அவருக்கும் வந்திருக்க வேண்டும். அப்படியே ஐந்து நாள் ஓடியது.

எல்லாம் முடிந்தது என்று எழுத எனக்கு ஆசைதான். முடியவில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போதே பனி வந்துவிட்டது. அந்தக் கடைசித் துண்டு இந்தக் குளிர்காலமும் கரடுமுரடுதான். அந்த ஊர்ப் பெண்கள் நாலு பேர் தாரணியைச் சூழ்ந்துகொண்டு திட்டினார்களாம். அன்று அந்த மூன்று லோடைப் போட்டிருந்தால் இன்றைக்கு ரோடு இருந்திருக்கும்தானே என்று. அதில் ஒரு பெண் நிறைமாதம்.

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"என்னத்தச் சொல்றதுங்கப்பா? நின்னு கேட்டுக்கிட்டேன். அவங்க சொல்றதும் நெசந்தானே."

இதைச் சொன்னது போனில் அல்ல. சீசன் முடிந்து, முகமெல்லாம் தோல் உரிந்து, உதடு வெடித்து, போன வாரம் வீட்டுக்கு வந்துவிட்டாள். சைட் அலவன்ஸில் ஒரு மாதத்தை வெட்டிவிட்டார்கள். மே மாதம் மறுபடி கூப்பிடுவது பற்றிப் பிறகு சொல்கிறோம் என்று மெயில் வந்திருக்கிறது. பாராட்டு? அப்படி ஒரு வார்த்தை அந்த மெயிலில் இல்லை. நானும் இரண்டு தடவை தேடிப் பார்த்தேன்.

வந்த மறுநாளே செல்வராசு பார்க்க வந்தார். கிண்டல் செய்வார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் உட்கார்ந்து, அந்தச் சூடு பார்க்கும் கருவி என்ன விலை, எந்தக் கடையில் கிடைக்கும் என்று அவளிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். "நம்மூர் வெயிலுக்கு அது எதுக்கு மாப்ளே?" என்றேன். "எங்கிட்ட ஒன்னு இருந்தா என்னங்க மச்சான்?" என்றார், கொஞ்சம் வெட்கமாக.

அவர் போன பிறகு மூன்று பேரும் காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். அன்றைக்கு என்னால் அடக்க முடியவில்லை. "சாமி, அன்னைக்கு நான் கையெழுத்துப் போடச் சொன்னது தப்பு. என்ற பேச்சக் கேக்காம இருந்தியே, அதுதான் எனக்குப் பெருமை" என்றேன். இந்த ஒரு வாக்கியத்தை மூன்று வாரமாக மனசுக்குள் எழுதி எழுதித் திருத்தியிருந்தேன்.

தாரணி இட்லியைப் பிட்டபடியே சொன்னாள்:

"நான் அதை உங்ககிட்டக் கேக்கவே இல்லீங்களேப்பா."

எனக்குப் புரியவில்லை.

"கையெழுத்துப் போடறதில்லைன்னு மேலயே முடிவு பண்ணிட்டுத்தான் இறங்கி வந்தேன். வேலை போச்சுன்னா ஊட்டுக்கு வரலாமான்னுதான் கேட்டேன்."

சாந்தி சட்னி கிண்ணத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எந்த விபத்திலும் எது முதலில் நடந்தது என்பதைக் கண்டுபிடித்து எழுதுவதுதான் என் தொழில். சொந்த மகள் கேட்ட கேள்வி எது என்று எனக்கு மூன்று வாரம் தெரியவில்லை. அந்தக் காற்றில், அந்த வளைவில் நின்றுகொண்டு, திரும்பி வர ஒரு வீடு இருக்கிறதா என்று அவள் கேட்டிருக்கிறாள். நான் பேனாவைப் பற்றிப் பேசியிருக்கிறேன். பதில் கிடைக்காமலேயே போய், அவள் அந்தச் சீட்டை நீட்டியிருக்கிறாள்.



அவளுக்கு வாயால் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவள் லடாக் போனதிலிருந்து அவள் அறையை நான் ஆபீஸாக்கி வைத்திருந்தேன். கட்டில்மேல், ஜன்னலில், அலமாரியில் எல்லாம் உருண்ட லாரிகள், மோதிய லாரிகளின் ஃபைல்கள். வந்த அன்று இரவு அவள் ஹாலில்தான் படுத்திருந்தாள், குறை சொல்லவில்லை. சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு, ஒவ்வொரு கட்டாக எடுத்து மாடிப்படி அடியில் அடுக்க ஆரம்பித்தேன். மதியம் ஆகிவிட்டது. நடுவில் தாரணி வந்து மறுமுனையைப் பிடித்தாள். "மே மாசம் கூப்புட்டா போவேனுங்கப்பா" என்றாள். "போ சாமி" என்றேன். "கூப்புடலீன்னா?" என்றாள். கட்டிலை இழுத்து ஜன்னலோரம் போட்டேன்.

இப்போது வெளியில் யாராவது "பொண்ணு என்ன பண்ணுதுங்க?" என்று கேட்டால், இன்ஜினியர் என்று நான் சொல்வதில்லை. "மூணு லோடு தாரைத் திருப்பி அனுப்பிச்சுதுங்க" என்கிறேன். அவர்களுக்கு ஒன்றும் விளங்குவதில்லை. விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆகிறது. என்னோடு வெளியே கிளம்பவே சாந்தி இப்போதெல்லாம் யோசிக்கிறார்.

கடைசியாக ஒன்று — உங்கள் ஊரில் யாருக்காவது கையெழுத்து மட்டும் போட ஒரு இன்ஜினியர் தேவைப்பட்டால், தயவுசெய்து என் மகளைக் கூப்பிடாதீர்கள். தெர்மாமீட்டரையும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள்.